இ-டைப் சூடேறுவது பிறவிக் குணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜாகுவார் நிறுவனத்தின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான இ-டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை அதன் அழகை மனதாரப் பாராட்டியிருந்தது. விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்த மால்கம் சேயர் வரைந்த உடல் அது, பாராட்டு தகும். ஆனால், "நெரிசலில் சூடேறுவது இந்தக் காரின் பிறவிக் குணம், நவீன இன்ஜின் பொருத்துவதே வழி" என்று முடித்திருப்பது தவறு. 1961இல் ஜெனீவா கார் கண்காட்சியில் இ-டைப் அறிமுகமானபோது அதிலிருந்தது 3,781 சிசி எக்ஸ்கே இன்ஜின். அதே குடும்பத்து இன்ஜின் அதற்கு முன்பே லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை ஐந்து முறை வென்றிருந்தது. வெப்பத்தைத் தாங்கத் தெரியாத இன்ஜினால் அது முடியாது. இன்று அது கொதிக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் பராமரிப்பில்தான் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டரை அல்ல, சிலிண்டர்கள் அடங்கிய இன்ஜின் உடலான பிளாக்கை. வார்ப்பிரும்பு பிளாக்கின் நீர்ப்பாதைகளில் துருவும் வார்ப்பு மணலும் சேர்ந்து, பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றிச் சேறாக இறுகிவிடும். வடிகால் திருகைத் திறந்தால் ஒரு சொட்டும் வராது. உள்ளே நீர் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். பக்கவாட்டில் நீர்ப்பாதைத் துளைகளை மூடியிருக்கும் கோர் பிளக்குகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் சேற்றைக் கிளறி, தெளிந்த நீர் வரும்வரை அழுத்தத்தோடு கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் புது ரேடியேட்டர் போட்டால், சில வாரங்களில் அதே சேறு அதையும் அடைத்துவிடும்.

அடுத்து, நீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட். இதில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். இந்த இன்ஜினுக்கு உரிய தெர்மோஸ்டாட்டில் ஒரு வளையம் உண்டு. வால்வு திறக்கும்போது அது நகர்ந்து, நீரை ரேடியேட்டரைச் சுற்றி நேரே இன்ஜினுக்குத் திருப்பும் பைபாஸ் துளையை மூடும்; அப்போதுதான் வெந்நீர் முழுதும் ரேடியேட்டருக்குப் போகும். வளையம் இல்லாத சாதாரண தெர்மோஸ்டாட்டும் அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். ஆனால் நீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டினாலும் இதே கேடுதான். பொருத்துவதற்கு முன் பாத்திரத்தில் நீரோடு சூடாக்கி, வால்வோடு வளையமும் நகர்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மின்விசிறியில் பழுது பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது. வெப்ப சுவிட்சின் அழுக்கேறிய தொடுமுனையிலும் தளர்ந்த எர்த் கம்பியிலும்தான் இருக்கும். விசிறி சுழலும்போதே மோட்டார் முனைகளில் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் விசிறிக்கு பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் தரும் ஒரு ரிலே சேர்ப்பதே சரி. 3.8 லிட்டர் கார்கள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடலோடு இணைந்திருக்கும். நெகட்டிவாக மாற்றப்பட்ட கார் என்றால் விசிறி எதிர்த்திசையில் சுழலக்கூடும்; அது காற்றை இன்ஜின் பக்கம் இழுக்கிறதா என்று ஒரு தாளைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

சூடேறினால் என்ன கெடும் என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. பிளாக்கின் மேல் அமரும் ஹெட் அலுமினியம்; அதில் இறுக்கிப் பதித்த டாப்பெட் வழிகாட்டிகள், அதாவது கேமுக்கும் வால்வுக்கும் இடையே நகரும் டாப்பெட்டைத் தாங்கும் குழல்கள், இரும்பு. அளவு மீறிய வெப்பத்தில் அலுமினியம் அதிகம் விரிவதால் எக்ஸாஸ்ட் பக்கத்து வழிகாட்டி தளர்ந்து மேலெழும், வால்வைத் திறக்கும் கேம் அதைத் தட்டும். இதற்கென்றே பிடிதகடுகள் விற்கிறார்கள். ஹெட்டைத் திறக்கும்போது பொருத்திவிடலாம். வால்வு இடைவெளி, இன்ஜின் குளிர்ந்த நிலையில், இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ.; டாப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றித்தான் சரிசெய்ய முடியும். ஜாகுவார் கணக்கில் ஒன்றாம் சிலிண்டர் முன்னால் அல்ல, பின்னால், ஓட்டுநர் அறையை ஒட்டி இருக்கிறது. எரியூட்டு வரிசையான 1-5-3-6-2-4 எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் ஒன்றாகவே வரும். அதனால் மாற்றி எண்ணியவருக்கும் இன்ஜின் ஓடும். குறித்து வைத்த ஷிம் அளவு மட்டும் வேறு சிலிண்டருக்குப் போய்விடும்.

கட்டுரை தொடாத இன்னொரு வெப்பம் காரின் பின்னால் இருக்கிறது. சக்கரத்தோடு குதிக்கும் எடையைக் குறைக்கப் பின் பிரேக் டிஸ்க்குகளை, பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே வைத்தார்கள். அதனால் வந்த பிடிப்பும் சொகுசும் அந்தக் காலத்தில் அபூர்வம். ஆனால் பிரேக் சூடு டிஃபரன்ஷியலில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலை வேகவைக்கும்; சீல் போனால் எண்ணெய் பிரேக் பேடில் கசிந்து பின் பிரேக் பலமிழக்கும். ஹேண்ட்பிரேக்குக்கென்று டிஸ்க்கைக் கவ்வும் தனிக் கேலிப்பர்கள் இறுகி உரசினால் சூடு இன்னும் ஏறும். டிஃபரன்ஷியலின் மேலிருக்கும் மூச்சுத் துளை அடைத்திருந்தால், உள்ளழுத்தம் புது சீலையும் தள்ளிக் கசிய வைக்கும். அதைப் பார்க்காமல் சீல் மாற்றுவது வீண்வேலை.

டிஸ்க் மாற்ற வேண்டுமென்றால் ரேடியஸ் ஆர்ம், ஆன்டி-ரோல் பார் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் குழாய், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் கழற்றி, நான்கு ரப்பர் மவுன்ட்டுகளை அவிழ்த்து, டிஃபரன்ஷியலையும் பின் பிரேக்கையும் தாங்கும் பின் சஸ்பென்ஷன் கூண்டையே கீழே இறக்க வேண்டும். இறக்கியபின் டிஸ்க்கோடு நிறுத்தாமல் சீல், பேடுகள், ரப்பர் மவுன்ட், கீழ்க்கையின் ஊசி பேரிங் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்கள் செப்பனிடும் வாசகர்