பத்து வயதில் உனக்குப் பிடித்த பாடம்

ஈசூன், சிங்கப்பூர்
3.3.2024

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. தேநீரோடு விழுங்காதே, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முப்பத்தோரு வருஷம் வார்டில் நின்றவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

கம்போடியா போய் வந்து எட்டு நாள் ஆகிறது. வந்த அன்றே போன் செய்தேன், மறுநாளும் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். மரியாதையான பிள்ளை. ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

பயணத்தில் குறை ஒன்றும் இல்லை. தொண்டூழியர்கள் பன்னிரண்டு பேர் போனோம். மூன்று பேர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். ஒரு சீனப் பெண்மணி ஒன்பது பிள்ளைகளுக்குப் பணம் கட்டுகிறவர், ஒன்பது பேருடைய பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம். சியெம் ரீப்பில் போன அக்டோபரில்தான் புது விமான நிலையம் திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து வேனில் மேற்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாகாணத்துக்குப் போனோம். அங்கோர் வாட்டைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கரும்பலகையில் அவர்கள் எழுத்தைப் பார்த்ததும் உன் நினைவுதான் வந்தது. கெமர் எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது என்று கல்லூரியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாயே, அதை வேனில் எல்லாரிடமும் சொன்னேன். திரும்பி வரும்போது மறுபடியும் சொன்னேன்.

அங்கே ஒரு பிள்ளைக்காக நான் கட்டும் அந்த 45 வெள்ளி யார் பையில் விழுகிறது என்று தீபாவளியன்று கேட்டாய். நியாயமான கேள்வி. அதைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போனேன். பிள்ளையின் கையில் பணம் கொடுப்பதில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் மனத்தாங்கல் வரும் என்று ஊருக்குப் பொதுவாகச் செலவழிக்கிறார்கள். பள்ளியில் கழிப்பறை கட்டியிருக்கிறார்கள், கை கழுவக் குழாய் போட்டிருக்கிறார்கள். வீடுகளில் மழைத் தண்ணீர் பிடித்து வைக்க ஆள் உயரச் சிமெண்டுச் சாடிகள். பெண்கள் சேமிப்புக் குழுவின் பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். யாரும் தனியாகத் திறக்க முடியாது. நீ பார்த்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாய். எங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பிள்ளையைத் தூக்கக் கூடாது, தனியே அழைத்துப் போகக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது, பெயரையும் ஊரையும் வெளியே எழுதக் கூடாது என்று புறப்படும் முன்பே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால்தான் இங்கும் எழுதவில்லை.

நான் பணம் கட்டும் பிள்ளையின் வீட்டுக்கும் போனோம். கால் நட்டு உயரத்தில் கட்டிய மரவீடு. பாட்டியும் பேத்தியும்தான். பெற்றவள் எல்லை தாண்டித் தாய்லாந்தில் கட்டட வேலை பார்க்கிறாள். அந்தப் பக்கத்தில் நிறைய வீடுகளில் இதுதான் நிலைமை. ஏப்ரலில் நமக்குச் சித்திரை பிறக்கும் அதே நாட்களில்தான் அவர்களுக்கும் வருஷப் பிறப்பு, அதற்குத்தான் ஊருக்கு வருவாளாம். "புது வருஷத்துக்கு வந்துவிடுவாள்" என்று அந்தப் பாட்டி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்கு அப்பத்தாவின் குரல் கேட்டுவிட்டது. பொங்கலுக்கு வந்துவிடுவாள், பொங்கலுக்கு வந்துவிடுவாள். போல் பாட் ஆட்சி வந்த 1975-இல் அந்தப் பாட்டிக்குப் பதினொரு வயது. தாயிடமிருந்து பிரித்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக வயல் வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை நான் எழுதிய கடிதங்களையெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தது. இருபத்திரண்டு. எடுத்துப் பாயில் வரிசையாக வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டது. "உங்கள் மகளுக்கு என் வயதில் எந்தப் பாடம் பிடிக்கும்?" அதற்குப் பத்து வயது. நான் கணக்கு என்று சொன்னேன்.

அந்த நேரத்தில் பாட்டியின் போன் அடித்தது. தாய்லாந்திலிருந்து பெற்றவள். திரையில் தலையில் துணி கட்டிய முகம் தெரிந்தது. பாட்டி கூப்பிட்டார், பிள்ளை வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கால் விரலால் பலகையைச் சுரண்டியது. பாட்டி போனில் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டேன். "குளிக்கிறாள் என்று சொல்கிறார்" என்றார்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாப்பிள்ளையையும் சொல்லவில்லை.

தீபாவளியன்று இன்னொன்றும் கேட்டாய். அந்தப் பிள்ளைக்கு மாதம் ஒரு கடிதம், எனக்கு எத்தனை வந்தது என்று. உன் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டினார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அது பதில் இல்லை. அப்பா போன பிறகு வேறு வழி இல்லை என்று எல்லாரிடமும் சொல்வதும் முழுப் பதில் இல்லை.

1992 பொங்கலுக்கு வந்தேன். இரண்டு வருஷம் கழித்து வந்த என்னைப் பார்த்து நீ அப்பத்தாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாய். இரவு அவர்களிடம் மெதுவாகக் கேட்டாய்: "இந்த அம்மா எப்போது போவார்கள்?" நான் தூங்கவில்லை. யாரோ ஒரு அம்மாளைச் சொல்வதுபோல் நீ சொன்னது எனக்குக் கேட்டது.

மறு வருஷம் டிசம்பரில் மூன்று வார லீவு கிடைத்தது. கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். அது பொய். டிக்கெட்டுக்குப் பணமும் இருந்தது. இன்னொரு முறை அந்த வார்த்தையைக் கேட்க என்னால் முடியாது என்று வராமல் இருந்துவிட்டேன். ஆள் குறைவு என்று நானாகவே கேட்டு அந்த மூன்று வாரமும் வார்டுக்குப் போனேன். நீ இரண்டாம் வகுப்பு. வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாய் என்று அப்பத்தா எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அவர்களுக்கும் உண்மை தெரியாது. தெரியாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிஸ்கட் டின்னில் அந்தக் கடிதத்தின் மேலே உன்னுடைய பென்சில் கடிதமும் இருக்கிறது. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

ஊரார் பிள்ளைக்கு எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அது என்னை எதுவும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

இதற்கு நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். போனும் செய்ய வேண்டாம், மனம் வந்தால் செய். மாத்திரையை மட்டும் சாப்பிடு. வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே. முருங்கைக்கீரைப் பொடி அனுப்ப முடியுமா என்று தபால் நிலையத்தில் கேட்டேன், மெல்பர்னில் சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள் என்றார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இந்த மாதக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை. கணக்கு என்று சொன்னேனே, அது சரியா? தவறாக இருந்தால் எது என்று ஒரு வரி எழுது. அதைத் திருத்திச் சொல்ல வேண்டும்.

அம்மா