தாழ்ப்பாள் பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் நலன் பற்றிச் சென்ற ஞாயிறன்று தங்கள் இதழில் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். மருத்துவர், உளவியலாளர், அதிகாரி, பெற்றோர் என்று பலர் பேசியிருந்தார்கள். பிள்ளை ஒன்றுகூடப் பேசவில்லை. பிற நாட்டுப் பள்ளிகளோடு கைகோத்து நலத் திட்டங்கள் நடத்த வேண்டும் என்று கட்டுரை முடிந்திருந்தது. அதனால்தான் எழுதுகிறேன். அப்படி ஒன்றை நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் அதைக் கெடுத்தவளும் நானே.

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. பணியின் கடைசி ஆண்டுகளில், எங்கள் எட்டாம் வகுப்பும் கடல் கடந்த நாடொன்றில் அதே வயதுப் பிள்ளைகள் படித்த ஒரு வகுப்பும் கடிதம் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்தோம். (அனுமதிக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்த கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) இரு பக்கத்து ஆசிரியர்களும் கூடிப் பேசி உணவு, தூக்கம், உடற்பயிற்சி என்று தலைப்புகளைப் பிரித்தோம். பிள்ளைகள் எழுதிய ஆங்கிலக் கடிதங்களைச் சிவப்பு மையால் திருத்தி, மறுபடி எழுதவைத்து அனுப்பினேன். அங்கிருந்தும் இஸ்திரி போட்டது போன்ற பதில்கள் வந்தன. அவர்களும் நலம், நாங்களும் நலம். நான்காவது கடிதத்துக்குப் பிறகு இரு தரப்புக்கும் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று.

ஒரு நாள் மாலை மணி அடித்த பிறகு, ஒரு மாணவியின் மேசையில் தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுவந்தபடி நிறைந்து நின்றது. "ஏம்மா குடிக்கவே இல்லையா?" என்றேன். "குடிச்சா போகணும் டீச்சர்" என்றாள். எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் புரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பழைய தலைப்புகளை ஓரங்கட்டினேன். பள்ளியில் உங்களை எது வதைக்கிறது, பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றேன். தேர்வு பயம் வரும் என்று நினைத்தேன். வந்தது, ஆனால் இரண்டாவதாக. கழிப்பறைதான் முதலில் நின்றது. தலைமையாசிரியர் பதறினார். "வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குப் போய் இதையா எழுதுவீங்க? பள்ளி மானம் என்னாகிறது?" அவரை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அதே கூச்சம் இருந்தது. ஆனால் பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். ஏழு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தாங்களே தயாரித்தார்கள். இம்முறை நான் திருத்தவில்லை, பிழைகளோடுதான் போயிற்று.

மூன்றே நாளில் பதில் வந்தது. அதற்கு முன் எதற்கும் மூன்று வாரத்துக்குக் குறைந்ததில்லை. அங்கேயும் பலர் பள்ளிக் கழிப்பறைப் பக்கமே போவதில்லையாம். எங்கள் பிள்ளைகள் நம்பவில்லை. குழாயில் வெந்நீர் வரும் கட்டடத்தில் என்ன குறை என்று கேட்டு எழுதினார்கள். கதவுக்கு மேலே இருக்கும் இடைவெளி வழியாகக் கைப்பேசியை நீட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், பத்து நிமிட இடைவேளையில் ஆறேழு பேர்தான் போய்வர முடியும். இரு நாட்டிலும் பிள்ளைகள் ஒரே காரணத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்.

இது எங்கள் இரு பள்ளிகளின் விசித்திரம் அல்ல. ஸ்வீடனில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயது வரையான மாணவர்களில் நால்வரில் ஒருவர் பள்ளியில் சிறுநீர் கழிக்கப் போவதே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வசதியுள்ள நாட்டின் நிலை அது.

கடல் கடந்து கேட்டதால் என்ன லாபம் என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். அந்த வகுப்பிலிருந்து ஒரு பையன் எழுதினான்: "இடைவேளை போதாவிட்டால் பாட நேரத்தில் ஏன் போகக் கூடாது?" எங்கள் வகுப்பில் யாருக்கும் தோன்றாத கேள்வி அது. வகுப்பு அமைதியாக என்னைப் பார்த்தது. "இப்பத்தானே மணி அடிச்சது, அதுக்குள்ள என்ன?" என்று எத்தனை பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறேன்! அந்தப் பதிலை மட்டும் நானே எழுதினேன்.

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அக்கருத்து வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை தருகிறது. ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பெரியவர்கள் பிள்ளைகளைத் தம் காரியத்துக்குப் பயன்படுத்துவது, மேடை அலங்காரமாக நிறுத்துவது, நம்மூர் வழக்கில் சொன்னால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வது. என் முதல் ஆறு மாதம் அந்த மூன்றையும் தாண்டவில்லை. டென்மார்க்கின் பியார்னே ப்ரூன் யென்சன் என்ற கல்வியாளர் பிள்ளைகளே பங்கேற்கும் நலக் கல்விக்காக வகுத்த முறையில் ஆராய்தல், எப்படி இருக்க வேண்டும் என்று கற்பனை செய்தல், செயல், மாற்றம் என்று நான்கு கட்டங்கள் உண்டு. பெரும்பாலான நாடு கடந்த திட்டங்கள் முதல் கட்டத்திலேயே சான்றிதழ் வாங்கிக்கொண்டு முடிந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து 11, 13, 15 வயதுப் பிள்ளைகளிடம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் நடக்கும் பெரிய ஆய்வு அவசியமானதுதான். ஆனால் அதன் கேள்வித்தாளில் பாட்டில் ஏன் நிறைந்திருக்கிறது என்பதை என் மாணவி எழுத இடம் இருக்குமா?

பெற்றோரின் அச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். முகம் தெரியும் படம் அனுப்பவில்லை, முழுப்பெயர் போகவில்லை, கடிதம் எல்லாம் இரு ஆசிரியர்களின் மின்னஞ்சல் வழியாகவே போய்வந்தது. அந்தரங்கமாக ஏதாவது எழுதும் பிள்ளையிடம் அனுப்புவதற்கு முன் தனியாகப் பேசினோம். இது போதுமானதாக இருந்தது.

கடைசியில் நடந்தவை சின்னவை. எங்கள் பள்ளியில் இடைவேளை ஐந்து நிமிடம் நீண்டது. பிள்ளைகள் ஒவ்வொரு கதவையும் படம் வரைந்து கணக்கெடுத்துக் கொடுத்த பிறகு தாழ்ப்பாள்கள் வந்தன. அங்கே கதவுகளின் மேல்பகுதியைப் பலகை வைத்து அடைத்தார்கள். கேலி நிற்கவில்லை, குறைந்தது என்று எழுதினார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதே பொருளில் பக்கம் ஒதுக்கும்போது, பாதியைப் பிள்ளைகளின் கேள்விகளுக்கு விடுங்கள். தயவுசெய்து பிழை திருத்த வேண்டாம்.

நான் ஓய்வுபெற்ற மறு ஆண்டு அந்த வகுப்பிலிருந்து எங்கள் பள்ளிக்கு ஒரு வரி வந்ததாம்: "உங்கள் தாழ்ப்பாள்கள் இன்னும் இருக்கின்றனவா?" அப்போது எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் போய் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு உடைந்திருந்தன. அப்படியே பதில் எழுதிவிட்டு, தலைமையாசிரியர் அறைக்குப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை