பழுதான டிஸ்க்குகளுக்கு மாற்று வந்தது: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாற்று டிஸ்க்குகள் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டேன். ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. பாடகரின் குரல் எங்கே வர வேண்டுமோ அங்கே, நேர் எதிரே நடு ஸ்பீக்கரில் வருகிறது. உங்களில் பலருக்குத் தனித்தனியாக நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதால் இந்தப் பொது மடல்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970களின் பிரிட்டிஷ் ராக் குழு ஒன்றின் ஆல்பங்களை 5.1 சர்ரவுண்டில் (முன்னும் பின்னுமாக ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், ஆக ஆறு சேனல்) புதிதாக மிக்ஸ் செய்து, டிவிடி-ஆடியோவாக வெளியிட்ட பாக்ஸ் செட்டில் உள்ளவை இந்த டிஸ்க்குகள். டிவிடி-ஆடியோ 2000-ஆம் ஆண்டு வந்த வடிவம். ஆறு சேனலையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இழப்பில்லாமல் கொடுக்கக்கூடியது. அது பெரிய சந்தையைப் பிடிக்கவே இல்லை. அதனால் இப்படிப்பட்ட பெட்டிகளைக் குறைவாகத்தான் போடுவார்கள், தீர்ந்தால் மறுபதிப்பு வருவது அபூர்வம். கடையில் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும், ஆனால் பெட்டி கையை விட்டுப் போய்விடும். வெளியிட்டவர்களின் பெயர் இங்கே வேண்டாம். தவறை ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் பழுது மூன்றாம் டிஸ்க்கில். நடுவில் வரும் ஒரு நீளமான பாட்டு முடியப்போகும் நேரத்தில் சடசடவென்று சத்தம் வரும், அப்புறம் நின்று நின்று போகும், அடுத்த பாட்டு பாதி போனதும் தானாகச் சரியாகிவிடும். லேயர், அதாவது டிஸ்க்கில் தகவல் பதிந்திருக்கும் அடுக்கு, மாறுகிற இடத்தில் பிளேயர் கொஞ்சம் திணறுவது சகஜம்தான் என்று பலர் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி இருக்க முடியாது என்று முதலில் சொன்னவர் டொராண்டோவில் இருக்கும் அண்ணன். இரண்டு லேயர் டிவிடியில் லேசர் உள்ளிருந்து வெளி விளிம்புவரை ஒரு லேயரைப் படித்துவிட்டு, அங்கிருந்து உள்நோக்கி இரண்டாவது லேயரைப் படித்துக்கொண்டு வரும். அந்தத் திருப்பத்தில் ஒரு கணம் நிற்கலாம், அவ்வளவுதான். திருப்பத்துக்கு முன்னும் பின்னும் நிமிடக்கணக்கில் சத்தம் வந்தால் விளிம்பில்தான் கோளாறு, டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள் என்றார்.

டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பை ஒட்டி, நகப்பிறை அகலத்துக்கு, வெள்ளையாக ஒரு மங்கல். துணியால் துடைத்தால் போகவில்லை, ஏனென்றால் அது மேற்பரப்பில் இல்லை. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்வது. அந்தப் பசை ஓரத்தில் சரியாகப் பிடிக்காமல் விட்டிருக்கிறது. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொன்ன நண்பர்களின் நல்ல எண்ணத்துக்கு நன்றி. கீறலுக்கு வேண்டுமானால் அது பயன்படலாம், உள்ளே ஒட்டுவிட்ட டிஸ்க்கை எதைக் கொண்டு தேய்த்தும் காப்பாற்ற முடியாது.

இரண்டாவது பழுது ஐந்தாம் டிஸ்க்கில். இதுதான் எங்களை நிறைய அலைக்கழித்தது, ஏனென்றால் கேட்பதற்கு எந்தச் சத்தமும் இல்லை, தட்டலும் இல்லை. பாடகரின் குரல் மட்டும் பின்னால், இடது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. வெளியீட்டாளரின் முதல் பதில், மிக்ஸ் செய்தவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கலாம் என்பது. சர்ரவுண்டில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு என்பதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

கோடம்பாக்கத்தில் பல வருடங்கள் சவுண்ட் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவரிடம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். இவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கண் அறுவை முடிந்து ஓய்வில் இருந்த நேரத்திலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. கம்ப்யூட்டரில் ஆறு சேனலையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். சப்வூஃபருக்குப் போகும் சேனலில் கிட்டாரும் டிரம்ஸின் சிம்பலும் முழுசாக இருந்தன. அந்தச் சேனல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனிக்காக மட்டும் இருப்பது, அதில் சிம்பலைக் கொண்டுபோய் வைக்க மிக்ஸ் செய்கிற யாருக்கும் காரணம் கிடையாது. பின் வலது சேனலிலோ வெறும் உறுமல் மட்டும்தான் இருந்தது.

அப்புறம் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் ஐயா இரண்டு வரிசை எழுதினார். ஒன்று: முன் இடது, முன் வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது. இன்னொன்று: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது, நடு, சப்வூஃபர். ஆறு சேனலை அடுக்க ஸ்டுடியோக்களில் இந்த இரண்டு முறையும் புழக்கத்தில் உண்டு. இரண்டாவது முறையில் வந்த டேப்பை யாரோ முதல் முறை என்று நினைத்து ஏற்றிவிட்டார்கள். அப்படிச் செய்தால் முன்னால் இருக்கும் இரண்டு சேனலும் இடம் மாறாது, நடுவில் வர வேண்டிய குரல் பின் இடதுக்குப் போகும், பின் வலதில் வர வேண்டிய கிட்டார் சப்வூஃபரில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் கேட்டது அச்சு அசலாக அதுவே. அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்து வெளியீட்டாளருக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு "வேண்டுமென்றே" என்ற சொல் அவர்கள் பதிலில் வரவில்லை.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐந்தாம் டிஸ்க்கின் பழுது அச்சுக்கு மூலமான மாஸ்டரிலேயே நடந்தது, அதனால் எல்லோர் பெட்டியிலும் அது இருக்கும். மூன்றாம் டிஸ்க்கின் பழுது அச்சிட்ட இடத்தில் நடந்தது, சிலரிடம் மட்டும்தான் இருக்கும். அதை நிரூபிக்கக் கெட்ட டிஸ்க் மட்டும் போதாது, நல்ல டிஸ்க்கும் வேண்டும். அதனால் என் பெரிய நன்றி, மூன்றாம் டிஸ்க் நன்றாக இருந்த பெட்டி வைத்திருந்தவர்களுக்கு. பினாங்கிலிருந்த ஆசிரியை அக்கா, நார்வேயிலிருந்த தம்பி, ஜெர்மனியில் தமிழே தெரியாத இரண்டு சேகரிப்பாளர்கள் எல்லோரும் தங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லாத விஷயத்துக்காக டிஸ்க்கை எடுத்து, டார்ச் அடித்து, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும் பொடி எழுத்துகளை எழுதி அனுப்பினார்கள். அதில் மேட்ரிக்ஸ் எண் இருக்கும், டிஸ்க் எந்த மாஸ்டரிலிருந்து வந்தது என்பதை அது காட்டும். அதோடு ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் அச்சு எண்ணும் இருக்கும், டிஸ்க் எந்த வார்ப்பு அச்சில் வந்தது என்பதை அது சொல்லிவிடும். மேட்ரிக்ஸ் எண் எல்லோருக்கும் ஒன்றுதான். அச்சு எண்தான் இரண்டு விதமாக இருந்தது. மங்கல் விழுந்த டிஸ்க் எல்லாம் ஒரே அச்சு எண், நல்லவை எல்லாம் இன்னொன்று. அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஒரு எழுத்து 8-ஆ B-யா என்று சந்தேகம் வந்ததும் மறுநாள் பகல் வெளிச்சத்தில் திரும்பவும் பார்த்துச் சொன்னார். இந்த அக்கறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மேற்கத்திய இசை சேகரிக்கும் பெங்களூர்ப் பெரியவர் இல்லாவிட்டால் மாற்று டிஸ்க் கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியிருக்காது. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த ஆலை ஒன்றில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிக்கள் பல, மேல்பூச்சு கந்தகத்தைத் தாங்காமல் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாகி வீணாய்ப்போயின. கேட்டவர்களுக்கு மாற்று டிஸ்க் செய்து கொடுத்தார்கள். அந்த அனுபவத்தில் அவர் சொன்னது: பெட்டியைத் திருப்பி அனுப்பாதே, டிஸ்க்கை மட்டும் கேள், ஆளாளுக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் ஒரே கடிதமாக எழுதுங்கள். பழைய சிடி பெட்டிகளில் வைத்திருக்கும் ஃபோம் துண்டுகளை எடுத்துவிடச் சொன்னதும் அவரே. அன்றே அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஒரு பெட்டியில் ஃபோம் பிசுபிசுத்து டிஸ்க்கில் ஒட்டத் தொடங்கியிருந்தது, நல்லவேளை லேபிள் பக்கத்தில் இலேசாகத்தான். உங்கள் வீட்டில் இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட் மெக்கானிக் அண்ணனுக்கும் நன்றி. என் பிளேயரில் குற்றமில்லை என்று கண்டுபிடிக்க வேறு மூன்று பிளேயரில் அதே டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். வெளியீட்டாளரின் வாடிக்கையாளர் சேவையில் எங்கள் கடிதத்தைப் படித்த அந்த அம்மையாருக்கும் நன்றி. வழக்கமான பதிலை அனுப்பி முடித்துக்கொள்ளாமல் அச்சு எண் பட்டியலைத் தயாரிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

பழைய டிஸ்க்கை யாரும் தூக்கிப் போட வேண்டாம். மாற்று கேட்கும்போது உள்வளையத்தின் போட்டோ கேட்கிறார்கள். கொழும்பு நண்பர் பெட்டியைப் பழையதாக வாங்கியவர், அவரிடம் பில் இல்லை. அதனால் அவருக்கு மட்டும் இன்னும் வரவில்லை. பில்லுக்குப் பதிலாகப் போட்டோவை ஏற்றுக்கொள்வதாக அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். நண்பர் கைக்கு டிஸ்க் போய்ச் சேர்ந்ததும் தெரிவிக்கிறேன். வேறு யாருக்காவது பில் இல்லாமல் நின்றுபோயிருந்தால் எனக்கு எழுதுங்கள், அதே கடிதத்தில் உங்கள் பெயரையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
சென்னையிலிருந்து உங்கள் நண்பன்