செயலாளர் ஆண்டறிக்கை: 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, மூத்தவர்களே, வேலை நாள் அலுப்போடும் இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஃபுட்ஸ்க்ரே வட்டாரத்து வியட்நாமிய அகதிக் குடும்பங்களின் சங்கமான நம் சங்கம் கடந்த ஓராண்டில் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். பேரப்பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதால், பெரியவர்களுக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விரித்து எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். 2024 ஆகஸ்ட் 18 ஞாயிறு அன்று வியட்நாம் போர் வீரர் நாளும் ஏழாம் மாதப் பௌர்ணமியில் பெற்றோரை நினைக்கும் வூ லானும் ஒன்றாக வந்தன. காலையில் டான்டினோங் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்துவிட்டு, மதியம் ப்ரேபுரூக் குவாங் மின் விகாரைக்குத் திரும்பினோம். அம்மா இருப்பவர்களுக்குச் சிவப்பு ரோஜா, இல்லாதவர்களுக்கு வெள்ளை. வெள்ளைதான் சீக்கிரம் தீர்ந்துபோனது. அடுத்த முறை கூடுதலாக வாங்க வேண்டும். செப்டம்பரில் பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம். ஜனவரி 29 அன்று பாம்பு ஆண்டுப் பிறப்பு, டெட் விழா, கூட்டத்துக்குக் குறைவில்லை. ஏப்ரல் 25 அன்று, ஆஸ்திரேலியாவின் போர்வீரர் நினைவு நாளான ஆன்சாக் ஊர்வலத்தில் நம் பழைய படைவீரர்கள் நடந்தார்கள். சக்கர நாற்காலி தள்ள வந்த இரண்டு இளைஞர்களுக்கு நன்றி.

அடுத்து, மனு வேலை. ஆஸ்திரேலியாவுக்கும் வியட்நாமுக்கும் இடையிலான மனித உரிமைப் பேச்சுவார்த்தை 2002 முதல் நடந்து வருகிறது. அந்த மேசையில் வியட்நாம் சிறைகளில் இருக்கும் அரசியல் கைதிகளின் பெயர்கள் எடுக்கப்பட வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இந்த ஆண்டும் எழுதினோம். அரசை விமர்சித்து எழுதி 16 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்ற டிரான் ஹுயின் யுய் துக், தண்டனை முடியச் சில மாதங்கள் இருக்கும்போது 2024 செப்டம்பர் 20 அன்று விடுதலையானார். அன்று இரவு எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. ஆனால் பத்திரிகையாளர் ஃபாம் டோவான் டிராங் இந்த அறிக்கை எழுதும் வரை உள்ளேதான் இருக்கிறார். 2020 அக்டோபரில் கைதானவர், 9 ஆண்டுத் தண்டனை. டெட் நாளில் அவருக்காகக் கையெழுத்து மேசை போட்டோம். பக்கத்துக் கடையில் கரும்புச் சாறுக்கு நீண்ட வரிசை நின்றது. நம் மேசையில் நாள் முழுவதும் கிடைத்தது நான்கு தாள் கையெழுத்து.

"கையெழுத்துப் போட்டு என்ன ஆகப் போகிறது" என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் ஜனநாயகம் வேண்டும் என்று பாடுபட்ட, சிட்னியைச் சேர்ந்த சௌ வான் காம் 2019 ஜனவரியில் சைகோனில் கைதாகி 12 ஆண்டுத் தண்டனை பெற்றார். பேக்கரி நடத்தி ஓய்வு பெற்ற மனிதர், வயது எழுபது. நாட்டின் எல்லா ஊர்களிலிருந்தும் நம் சங்கங்கள் நான்கு ஆண்டுகள் விடாமல் கடிதம் எழுதின. 2023 ஜூலையில் அவர் வீடு திரும்பினார். கடிதத்தால் மட்டும் திரும்பினார் என்று நான் சொல்லவில்லை. கடிதம் நின்றிருந்தால் அவர் பெயரே கோப்புக்குள் போயிருக்கும் என்பது மட்டும் எனக்கு உறுதி.

ஏப்ரல் 30, கறுப்பு ஏப்ரல். தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்து 50 ஆண்டு. இந்த முறை புதன்கிழமை, வேலை நாள். கூட்டாட்சித் தேர்தலுக்கு மூன்றே நாள் இருந்ததால் வேட்பாளர்களும் வந்தார்கள். வந்த எல்லோர் கையிலும் நம் மனுவைக் கொடுத்தோம். அதே நாளில் சைகோனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. நாங்கள் ஃபுட்ஸ்க்ரே படகு மக்கள் நினைவுச் சின்னத்தின் முன்னால் மூன்று சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றினோம். பள்ளிக்கூடச் சீருடையோடு வந்திருந்த ஒரு சிறுமி, "தூதரகத்தில் பறப்பது வேறு கொடியாச்சே?" என்று கேட்டாள். கேட்டது நல்லது. அது 1975 வரை தென் வியட்நாமின் கொடி, நாம் படகில் ஏறும்போது விட்டுவிட்டு வந்த கொடி. 2023இல் ஆஸ்திரேலிய நாணயச்சாலை வியட்நாம் போர்ப் பதக்க நாடாவின் நிறங்களை ஒரு நினைவு நாணயத்தில் வைத்தபோது, அதில் அந்தக் கொடியின் மஞ்சளும் சிவப்புக் கோடும் இருந்ததற்கே ஹனோய், அதாவது வியட்நாம் அரசு, எதிர்ப்புத் தெரிவித்தது. ஒரு நாணயத்தின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் பட்டைகூட அவர்களை உறுத்துகிறது என்றால், நாம் அதை விடக் கூடாது என்றே நினைக்கிறேன்.

அன்றுதான் முதல் முறையாக, படகில் கிளம்பிக் கரை சேராத நம்மவர்களின் பெயர்களை வாசித்தோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவில் நாலு கூட்டத்துக்கு விவாதம் நடந்ததும், கணக்கில் ஒரு செலவு இரண்டு முறை வந்திருப்பதும் இதனால்தான்.

1975க்கும் 1995க்கும் இடையில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் படகில் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. சேராதவர்களுக்குக் கணக்கே இல்லை. புயலும் தாகமும் தாய்லாந்து வளைகுடாக் கொள்ளையரும் கொண்டுபோனவர்கள் அவர்கள். 2005இல் உலகின் பல ஊர்களிலிருந்தும் நம்மவர்கள் போய், அகதி முகாம்கள் இருந்த மலேசியாவின் பிடோங் தீவிலும் இந்தோனேசியாவின் கலாங் தீவிலும் நினைவுக் கல் வைத்தார்கள். இறந்தவர்களுக்கு அஞ்சலியும், அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு நன்றியும்தான் அதில் எழுதியிருந்தது. ஹனோய் அழுத்தம் கொடுத்தது; சில மாதங்களிலேயே இரண்டு கல்வெட்டும் இல்லாமல் போயின. நான் பிடோங்கில் ஏழு மாதம் இருந்தவன். என் அண்ணன் எனக்கு முன்னால் வேறு படகில் ராச் யாவிலிருந்து கிளம்பியவர், வந்து சேரவில்லை. அந்தக் கல் போன செய்தி கேட்ட நாளிலிருந்தே, ஒரே இடத்தில் ஒரே கல்லை நம்பி இருக்கக் கூடாது, நம் வீடுகளில் ஆளுக்கொரு பிரதியாகப் பெயர்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த ஆண்டுதான் செய்ய முடிந்தது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஞாயிறு தோறும் மதியம் இரண்டு மணிக்கு நூலகத்துப் பின்னறையில் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். முதல் மூன்று ஞாயிறு யாரும் வரவில்லை. நாலாவது ஞாயிறு ஒரு மூத்த உறுப்பினர் பிஸ்கட் டப்பா ஒன்றோடு வந்தார். நான் அவரை 'பாக்' என்றுதான் கூப்பிடுவேன், என் பெற்றோருக்கும் மூத்தவர். டப்பாவுக்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு புகைப்படம். இரண்டு பையன்கள், ஒரே துணியில் தைத்த சட்டை. இறந்த தேதி என்று ஒரு கட்டம் என் நோட்டில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "தேதி தெரியாதப்பா, கிளம்பின ராத்திரி தெரியும்" என்றார். மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள். அந்த நாளில்தான் திதி கொடுக்கிறார். இரண்டு கிண்ணம் சோறு, இரண்டு ஜோடிக் குச்சி, பக்கத்தில் இரண்டு தம்ளர் தண்ணீர். தண்ணீரைக் காலை முதல் மூன்று முறை மாற்றி வைப்பாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்றே நோட்டில் அந்தத் தலைப்பை அடித்துவிட்டு 'கிளம்பிய நாள்' என்று மாற்றினேன்.

அதற்குப் பிறகு வரத் தொடங்கினார்கள். மொத்தம் 63 பெயர். பெயர் தர மறுத்த குடும்பங்களும் உண்டு. ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், போய்வர வேண்டும் என்றார்கள். அவர்களை வற்புறுத்தவில்லை, அவர்களைக் குறை சொல்வதை இந்த அறிக்கையில் அனுமதிக்கவும் மாட்டேன். 1975க்குப் பிறகு புதிய அரசு தென் வியட்நாமியரை அடைத்து வைத்த மறுகல்வி முகாம்களில் இறந்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்றார் தலைவர். நியாயமான கோரிக்கைதான். முதல் பதிப்பில் கடல், அடுத்த பதிப்பில் முகாம் என்று முடிவானது. "நினைவு போதும், அரசியல் வேண்டாம்" என்று இரண்டு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் கடிதத்தைக் கூட்டக்குறிப்பில் சேர்த்திருக்கிறேன். ஆனால் அந்த 63 பேரும் எதற்காகப் படகு ஏறினார்கள் என்பதைச் சொல்லாமல் பெயரை மட்டும் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை.

அச்சு விவகாரத்துக்கு வருகிறேன். ஏப்ரல் இரண்டாம் வாரம் பெயர்ப் புத்தகப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால், பெயர்களின் எழுத்துகளில் உச்சரிப்பைக் காட்டும் குறி ஒன்றுகூட இல்லை. அச்சகத்துக் கணினி எல்லாக் குறிகளையும் விழுங்கிவிட்டது. நம் மொழி தெரியாதவர்களுக்கு அது சின்ன விஷயம். ஹோவா என்ற ஒரே எழுத்துக்கூட்டு குறி இல்லாவிட்டால் பூ, ஒரு குறி போட்டால் அமைதி, இன்னொன்று போட்டால் நெருப்பு. ஒரு தாய் வைத்த பெயரை இன்னொருவர் பெயராக்கிக் கையில் கொடுக்க முடியுமா? மறுபடி அச்சிட நாள் இல்லை. மூன்று இரவு உட்கார்ந்து, கறுப்புப் பேனாவால் 80 பிரதிகளிலும் நானே குறிகளைப் போட்டேன். மே மாதம் திருத்திய பதிப்பு வந்தது. அச்சகம் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது, மீதி சங்கக் கணக்கில் விழுந்தது. இதைக் கேட்காமல் செலவழித்தேன் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. கேட்பதற்காக ஏப்ரல் 13ஆம் தேதி அவசரக் கூட்டம் போட்டேன். பதினோரு பேர் கொண்ட செயற்குழுவில் வந்தது நாலு பேர். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கை (கோரம்) இல்லாமல் கலைந்தோம். வராதவர்கள் பிறகு வந்து ஏன் கேட்கவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 30 டாலர், ஓய்வூதியக்காரர்களுக்கு 15. ஓய்வூதியக்காரர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கட்டிவிட்டார்கள். நல்ல வேலையில் இருக்கும் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் நிலுவை. சிலருக்கு மூன்றாவது ஆண்டு. நினைவூட்டல் மூன்று முறை அனுப்பினேன். பெயர்களை இங்கே படிக்கப்போவதில்லை. வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. டெட் கடை வருமானத்தால் சமாளித்தோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மண்டபம் தந்த விகாரைக்கும், சமையல் குழுப் பெண்களுக்கும், ஏப்ரல் 30 அன்று மேடை அமைத்த இளைஞர்களுக்கும், புகைப்படம் எடுத்தவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு. 1976 ஏப்ரல் 26 அன்று ஐந்து இளைஞர்கள் ஒரு மீன்பிடிப் படகில், பள்ளிக்கூட வரைபடத் தாள் ஒன்றைப் பார்த்து ஓட்டிக்கொண்டு டார்வின் துறைமுகத்துக்குள் வந்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் வியட்நாமிய அகதிப் படகு அதுதான். அப்படி நேராகப் படகிலேயே வந்தவர்கள் சுமார் 2,000 பேர்தான். நாம் மற்றவர்கள் அகதி முகாம்களின் வழியே விமானத்தில் வந்தவர்கள். 2026 ஏப்ரலில் அதற்கு 50 ஆண்டு நிறைகிறது. டார்வினுக்குப் பத்துப் பேராவது போய், அந்தக் கடலோரத்தில் நம் பெயர்களை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. பயணச் செலவுக்குச் சங்கக் கையிருப்பு போதாது. நிலுவைச் சந்தா மட்டும் முழுதாக வந்தால் மூத்தவர்கள் நால்வருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

எனக்கு வயது அறுபத்தெட்டு, இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பேனாவால் குறி போடும்போதே தடுமாறினேன். செயலாளர் பதவியை யாராவது எடுத்துக்கொள்ள முன்வந்தால் நோட்டையும் சாவியையும் இன்றே கொடுக்கத் தயார். வியட்நாமிய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவர் என்றால் நல்லது. தெரியாவிட்டாலும் சரி, சொல்லித் தருகிறேன். அதுவரை ஆகஸ்ட் தொடங்கி ஞாயிறு தோறும் வழக்கம்போல் இரண்டு மணிக்கு அதே பின்னறையில் இருப்பேன். மறுகல்வி முகாம்களில் இறந்தவர்களின் பெயர்களுக்காகப் புது நோட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டில் டப்பா இருந்தால் எடுத்து வாருங்கள்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்