மாற்றுச் சான்றிதழ் தரும்போதே சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும் நாட்களில், பாம்பன் முதல் தொண்டி வரையுள்ள எங்கள் கடலோர ஊர்களின் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரைப் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத ஒரு விதியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆனால் அதைப் பெற 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் 8-ஆம் வகுப்புவரை இலவசமாகப் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்கள் இடையில் ஓராண்டு வெளியே படித்திருந்தாலும் தகுதியை இழக்கிறார்கள். கட்டணம் கட்ட முடியாமல் 9-ஆம் வகுப்பில் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குத் திரும்பிய பிள்ளைக்கும் இதே நிலைதான்.

எங்கள் பகுதியில் குழப்பம் பெரும்பாலும் அரசு உதவிபெறும் பள்ளிகளை ஒட்டியே எழுகிறது. அங்கும் ஆசிரியர்களுக்கு அரசுதான் சம்பளம் தருகிறது. பாடநூலும் சைக்கிளும் விலையில்லாமல் கிடைக்கின்றன. ஆகவே அதுவும் அரசுப் பள்ளிதான் என்று பெற்றோர் நம்புவதில் வியப்பில்லை. ஊரிலுள்ள அரசுப் பள்ளி 8-ஆம் வகுப்போடு நின்றுவிடும்போது, அல்லது மேல்நிலையில் மகள் கேட்கும் அறிவியல் பிரிவு அங்கே இல்லாதபோது, வயதுக்கு வந்த பெண்ணைத் தொலைவுக்குப் பேருந்தில் அனுப்பத் தயங்கும் தாய் பக்கத்திலுள்ள உதவிபெறும் பள்ளியில் சேர்க்கிறார். அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சேர்க்கையோடு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கான தகுதி போய்விடுகிறது என்பதை 12-ஆம் வகுப்பு முடித்துக் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அவர் அறிகிறார்.

பள்ளி மாறினால் மதிப்பெண் கணக்கில் பாதகம் வருமோ என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. பொறியியல் கட்-ஆஃப் 12-ஆம் வகுப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என 200-க்கே கணக்கிடப்படுகிறது, எந்தப் பள்ளி என்பது அதில் வராது. இழப்பு ஒதுக்கீட்டில்தான். அந்த ஒதுக்கீட்டில் பொறியியலில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதால், கடன் வாங்கி வலை வாங்கும் குடும்பத்துக்கு அது படிப்பா, படகா என்ற கேள்வியாகவே வந்து நிற்கிறது. கடலை நன்கறிந்த பிள்ளைகள் மீன்வளப் படிப்பில் இந்த வாய்ப்பை இழப்பது எனக்குக் கூடுதல் வருத்தம் தருகிறது.

உயர்கல்வி படிப்போருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். ஒதுக்கீட்டிலும் அப்படியே எல்லோருக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்த ஒதுக்கீட்டை ஆராய அரசு அமைத்த நீதிபதி கலையரசன் ஆணையம் 10 விழுக்காடு பரிந்துரைத்தும் கிடைத்தது 7.5தான், அதைப் பலர் பங்கிட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு மிஞ்சுவது குறையும். எட்டும் தொலைவில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி இல்லாத ஊர்களின் பிள்ளைகளுக்கு மட்டும், முதன்மைக் கல்வி அலுவலரின் சான்றின் பேரில், உதவிபெறும் பள்ளியில் படித்த ஆண்டுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அரசு முன்வர வேண்டும்.

அதற்குச் சட்டத் திருத்தம் தேவைப்படலாம், காலமும் ஆகலாம். ஆனால் 6-ஆம் வகுப்புக்கு மேல் மாற்றுச் சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இவ்விதியை எளிய தமிழில் படித்துக் காட்டி, அறிந்துகொண்டதாகக் கையொப்பம் பெற வேண்டும் என்று தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப எந்தத் திருத்தமும் தேவையில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கல்வித் துறை அதை வரும் சேர்க்கைக்கு முன்பே செய்ய வேண்டும் எனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர்,
மண்டபம்.