முகவீணைக்கும் பம்பைக்கும் ஓர் இசைத்தட்டு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகளுக்கு மீண்டும் மவுசு வந்திருப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பழைய தமிழ்த் திரைப்பாடல் தட்டுகளை இளைஞர்கள் தேடித் தேடி வாங்குவதை விரிவாக எழுதியிருந்த கட்டுரையாளர், ஜப்பானைப் பற்றிச் சொல்லும்போது மட்டும், நல்ல ரெக்கார்டு பிளேயர்களைச் செய்யும் நாடு என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கருவிகளின் தரத்தில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் 1960களிலும் 1970களிலும் அந்நாட்டுக் கலைஞர்கள் தங்கள் மரபு இசைக்கருவிகளை ஜாஸ், ராக், மேற்கத்திய வாத்தியக் குழு ஆகியவற்றுடன் சேர்த்துப் பதிவு செய்த இசைத்தட்டுகள், வட ஆர்க்காட்டுப் பகுதியில் வாழும் நமக்கு அந்தக் கருவிகளைவிட முக்கியமானவை என்று கருதுகிறேன். அதற்கான காரணத்தைச் சொல்லி, தெருக்கூத்தின் சிறிய ஊதுகருவியான முகவீணைக்கும் அம்மன் விழாக்களின் இணைமுழவான பம்பைக்கும் அப்படி ஓர் இசைத்தட்டு வேண்டும் என்று கேட்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் என் தந்தையார் தொடங்கிய ஒலிபெருக்கி நிலையத்தை நான் நடத்தி வருகிறேன். திருமணம், காதுகுத்து, அம்மன் திருவிழா என்று எங்கள் பெட்டிகளும் குழாய் ஒலிபெருக்கிகளும் போகாத ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கேசட் வந்த பிறகு பெரும்பாலானோர் தட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டனர். எங்கள் வீட்டில் அவை அப்படியே இருந்தன. ஜப்பானில் பணிபுரியும் உறவினர் ஒருவர், ஊருக்கு வரும்போதெல்லாம் அந்நாட்டுப் பழைய தட்டுகள் சிலவற்றை எனக்காக வாங்கி வருவது வழக்கம். நான் பேசுவது அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டதிலிருந்துதான்.

ஜப்பானியர்களின் கோட்டோ என்பது 13 தந்திகளும், தந்திகளைத் தாங்கி நிற்கும், விருப்பப்படி நகர்த்தி வைக்கக்கூடிய குதிரைகளும் கொண்ட நீளமான மரக்கருவி. ஷாகுஹாச்சி என்பது ஐந்தே துளைகள் கொண்ட மூங்கில் குழல். ஷாமிசென் மூன்று தந்திகள் உடையது; தோல் போர்த்திய அதன் உடலைப் பெரிய மீட்டுக்கட்டையால் அடித்து வாசிப்பார்கள். இவற்றைப் புதிய இசைக்குள் கொண்டுவரும் முயற்சி 1960களுக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. சிறு வயதிலேயே பார்வையை இழந்த கோட்டோ கலைஞர் மிச்சியோ மியாகி, தாழ்ந்த சுருதிக்கு ஒரு கருவி வேண்டும் என்று 1921இல் 17 தந்திகள் கொண்ட கோட்டோவை உருவாக்கினார். கோட்டோவுக்கும் ஷாகுஹாச்சிக்கும் என்று 1929இல் அவர் இயற்றிய இசையை, ஷாகுஹாச்சியின் இடத்தில் வயலினை வைத்து, பிரெஞ்சுக் கலைஞர் ரெனே ஷெமே அவருடன் சேர்ந்து 1932இல் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். பழைமையின் காவலராக இருந்த ஒருவரே புதுமைக்கும் முன்கை எடுத்தார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

பிறகு நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டுகளின் காலம் வந்தது. அமெரிக்கக் கிளாரினெட் கலைஞர் டோனி ஸ்காட் 1964இல் டோக்கியோவில் ஷினிச்சி யூய்சேயின் கோட்டோவுடனும் ஹோசான் யமாமோட்டோவின் ஷாகுஹாச்சியுடனும் ஒரு தட்டைப் பதிவு செய்தார். மறு ஆண்டு டிரம்ஸ் கலைஞர் ஹிடியோ ஷிராகி தம் ஜாஸ் குழுவுடன் மூன்று கோட்டோ கலைஞர்களையும் பெர்லினுக்கு அழைத்துச் சென்று அங்கே பதிவு செய்தார். நியூயார்க் பில்ஹார்மோனிக் குழு தனது 125ஆம் ஆண்டு நிறைவுக்காகக் கேட்டுக்கொண்டதன் பேரில் ஜப்பானிய இசையமைப்பாளர் டோரு டகெமிட்சு எழுதிய இசை, 1967 நவம்பரில் செய்ஜி ஒசாவாவின் நடத்துகையில் அரங்கேறியது. அதில் பிவா என்ற தந்திக் கருவியை வாசித்த கின்ஷி ட்சுருடாவும் ஷாகுஹாச்சி வாசித்த கட்சுயா யோகோயாமாவும் அவ்வளவு பெரிய வாத்தியக் குழுவின் முன்னே தனித்து நின்றார்கள். டகெமிட்சு இரண்டு இசைகளையும் குழைத்து ஒன்றாக்க முயலவே இல்லை. ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் அப்படியே காதில் விழுகிறது. கலப்பிசை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் அடைத்துவிடும் இன்றைய பழக்கத்தோடு ஒப்பிட்டால், இது எத்தனை பெரிய மரியாதை என்பது விளங்கும். ஜப்பானிய ஜாஸ் பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷி 1974இல் தம் ஜாஸ் குழுவின் தட்டில், 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் குரலையும் ட்சுட்சுமி என்ற கைம்முழவையும் சேர்த்தார். போர் முடிந்தது தெரியாமல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் காட்டில் ஒளிந்திருந்த ஜப்பானியச் சிப்பாய் ஒருவரின் கதையை நினைத்து எழுதப்பட்ட இசை அது.

இவற்றுள் நான் மிகுதியாகக் கேட்பது, ஹோசான் யமாமோட்டோ 1970இல் பியானோ கலைஞர் மசாபுமி கிகுச்சி, அப்போது ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்க பேஸ் கலைஞர் கேரி பீகாக், டிரம்ஸ் கலைஞர் ஹிரோஷி முராகாமி ஆகியோருடன் பதிவு செய்த தட்டு. ஸ்வரம் எழுவதற்கு முன்பே மூச்சு கேட்கிறது. உதடு மூங்கில் விளிம்பைத் தொடும் இடத்தில் காற்று கிழிபடும் ஓசையும், தலையை மெல்லச் சாய்த்து ஸ்வரத்தைக் கீழே இறக்கும்போது வரும் நெளிவும், நம் கமகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை. பியானோவும் டிரம்ஸும் அருகில் இருந்தும் அந்த மூச்சு அமுங்கிப்போகவில்லை என்றால், ஒலிப்பதிவாளர் குழலுக்கு உரிய மைக்கையும் உரிய இடைவெளியையும் கொடுத்திருக்கிறார் என்றுதான் பொருள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு கடினமான வேலை என்பது தெரியும். ஷாமிசெனிலும் பிவாவிலும் தந்தி அதிரும்போது ஒரு கரகரப்பு எழும். அதை இரைச்சல் என்று வடிகட்டாமல் விட்டிருக்கிறார்கள். தம்பூராவில் ஜீவா நூலை வைத்து நாம் தேடிப் பெறும் அதே கரகரப்புதான் அது.

அந்தக் காலத்தில் வெளிவந்த எல்லாத் தட்டுகளும் இவ்வளவு உயர்வானவை என்று நான் சொல்ல மாட்டேன். மேற்கத்திய வெற்றிப் பாடல்களைக் கோட்டோவில் வாசித்து விற்பனைக்கு விட்டவையும் உண்டு. அவற்றில் கருவி வெறும் ஒப்பனையாகவே நிற்கிறது. நிலைத்து நின்ற தட்டுகளில் மரபுக் கலைஞர் தம் கருவியின் இலக்கணத்தை விட்டுக்கொடுக்கவில்லை, கூட வாசித்தவர்களும் அவரை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. உறையின் ஓரத்தில் சுற்றியிருக்கும் தாள்பட்டையை நீக்கிப் பார்த்தால், உள்ளே மடித்து வைத்த குறிப்புத் தாளில் வாசித்தவர் யார், எந்தக் கருவி, எந்த நாளில் பதிவானது, ஒலிப்பதிவாளர் யார் என்பன அச்சிடப்பட்டிருக்கின்றன. 50 ஆண்டுகளுக்குப் பின்னர் ஐரோப்பிய நிறுவனங்கள் இவற்றை மறுபதிப்புச் செய்யும்போது, அந்தப் பெயர்களும் கூடவே பயணம் செய்கின்றன. சோனி நிறுவனம் 2018இல், ஏறத்தாழ 29 ஆண்டு இடைவெளிக்குப் பின், ஜப்பானில் மீண்டும் தட்டு அச்சிடத் தொடங்கியதும் இந்த மறுமலர்ச்சியின் ஒரு பகுதியே.

புதிய இசையோடு சேர்ந்தால் மரபு கெட்டுவிடும் என்று அஞ்சும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஜாஸ் கலைஞர்களுடன் அத்தனை தட்டுகளில் வாசித்த அதே ஹோசான் யமாமோட்டோவைத்தான், ஷாகுஹாச்சி மரபின் பெருங்கலைஞராக ஏற்று, ஜப்பான் அரசு 2002இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதியை அளித்துப் போற்றியது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் ஊர் வாசகர்களுக்காக இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். டோஷிகோ அகியோஷியின் கணவராக 1960களில் வாழ்ந்தவர் சார்லி மரியானோ என்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர். பின்னாளில் தென்னிந்தியாவுக்கு வந்து நாதஸ்வரம் பயின்று, அதை ஜாஸ் தட்டுகளில் வாசித்தவரும் அவரே. கடல் கடந்து வந்த ஒருவர் நம் சீவாளியில் வாய் வைத்துப் பழகியிருக்கிறார். நாதஸ்வரத்தின் தம்பி என்று சொல்லத்தக்க முகவீணையை, அது கூத்தோடு வளர்ந்த இந்த மாவட்டத்திலேயே கேட்க இப்போது ஆள் குறைந்து வருகிறது.

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகவும், வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகவும் பிரிக்கப்பட்டாலும், தெருக்கூத்து இன்னும் ஒரே நிலமாகத்தான் இருக்கிறது. செய்யாற்றை அடுத்த புரிசைக் கூத்தின் புகழ் வெளிநாடு வரை எட்டியது. பெயர் வெளியே தெரியாத ஜமாக்களோ, அதாவது கூத்துக் குழுக்களோ, ஏராளம். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் களரி கட்டும்போது மிருதங்கமும் தாளமும் முழங்க, அதற்கு மேல் முகவீணை எழுந்துவிட்டால் பக்கத்து ஊர்க்காரருக்கும் கூத்து தொடங்கியது தெரிந்துவிடும். வாத்தியார் பாடி முடித்த அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கும்போது, முகவீணை அதே அடியை மேல் ஸ்தாயியில் பிடித்துக்கொண்டு விடியும் வரை சுருதியைத் தாங்கும். பம்பையும் அப்படிப்பட்டதே. மாசி மாதம் வேலூர்ப் பாலாற்றங்கரையில் நடக்கும் மயானக் கொள்ளையில் பம்பையையும் கைச்சிலம்பையும் உடுக்கையையும் நேரில் கேட்டவர்கள், அந்த அடியை உடம்பிலேயே உணர்ந்திருப்பார்கள்.

இவற்றுக்கு நல்ல ஒலிப்பதிவு எங்கே இருக்கிறது? கூத்து மேடையில் கயிற்றில் தொங்கும் ஒரே மைக்கில் ஹார்மோனியம் மட்டுமே முன்னால் கேட்கும். குழாய் ஒலிபெருக்கி இயல்பிலேயே கீழ்நாதத்தைத் தராது. ஆகவே பம்பையின் அடித்தொண்டை முழுவதும் காற்றில் போய்விடுகிறது, முகவீணை காதைக் குத்துகிறது. கைப்பேசியில் பிடித்து இணையத்தில் ஏற்றப்படுவதும் இந்த ஓசைதான். அதைக் கேட்கும் இளைஞர் முகவீணை என்றாலே கீச்சுக்குரல் என்று முடிவு கட்டிவிடுகிறார். ஜமாவும் செலவைப் பார்த்து, முகவீணைக்காரரை விட்டுவிட்டுக் கீபோர்டை வைத்துக்கொள்கிறது. எனக்குத் தெரிந்த பம்பைக் கலைஞர் ஒருவரை நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று அழைத்து, ஒரு பகல் முழுவதும் பலவிதமாக அடிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டு, கூலியும் பேருந்துச் செலவும் கொடுத்து அனுப்பியது. அந்த அடிகள் எந்தெந்தப் பாடலில் சேர்ந்தன என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், நிகழ்த்துகலைஞர் தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை ஒப்புக்கொள்கிறது. கூலி வாங்கித் திரும்பும் கலைஞரிடம் அதை எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

தமிழகத்துக்கு இம்முயற்சி புதிது என்று யாரும் எண்ண வேண்டாம். 1962இல் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் சரிநிகராகப் பதிவான திரைப்பாடலை இன்றும் எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள். 1986இலும் 1988இலும் இளையராஜா வெளியிட்ட கருவியிசைத் தொகுப்புகளில் கர்நாடக இசை மேற்கத்திய வாத்தியக் குழுவோடு உரையாடியது. பிந்தைய தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் பெயரோடும் பெருமையோடும் நின்றது. சபா மேடை ஏறிய கருவிகளுக்குக் கிடைத்த அந்த இடம், கோயில் வாசலிலும் கூத்துக் களரியிலும் முழங்கும் கருவிகளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி. ஜப்பானின் வடபகுதியிலுள்ள ட்சுகாரு வட்டாரத்து ஷாமிசெனும் ஒரு காலத்தில் பார்வையற்ற கலைஞர்கள் வீடு வீடாகச் சென்று வாசித்துப் பிழைத்த கருவிதான். அவர்களுள் ஒருவராகிய டகஹாஷி சிக்குசான், 1970களில் டோக்கியோவின் சிறிய அரங்கு ஒன்றில் வாசித்தபோது, இளைஞர்கள் திரண்டு வந்து கேட்டார்கள்.

எனவே தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தையும், கலை பண்பாட்டுத் துறையையும், வேலூரில் உள்ள கல்லூரிகளையும் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒரே ஓர் இசைத்தட்டு போதும். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடம் கிடைக்கும். முதல் பக்கத்தில் முகவீணையும் பம்பையும் தங்கள் மரபுப்படி, யாருடைய குறுக்கீடும் இன்றி ஒலிக்கட்டும். மறுபக்கத்தில், அந்தக் கலைஞர்களோடு பல நாள் உட்கார்ந்து பழகிய இளம் கிதார், டிரம்ஸ், கீபோர்டு கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கூத்து குறைவு என்பதால் கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். பதிவுக்கு ஏற்ற காலம் அதுவே. ஒவ்வொரு கருவிக்கும் தனி மைக், தனித் தடம் வேண்டும். வாசித்தவர் பெயர், ஊர், அவருக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார், கருவியைச் செய்தவர் என அனைத்தையும் உறையில் தமிழில் அச்சிட வேண்டும்; ஊதியமும் மறுவிற்பனைப் பங்கும் எழுத்து மூலம் உறுதி செய்யப்பட வேண்டும். குடியாத்தம் பகுதிக் கலைஞர்களை ஒருங்கிணைப்பதிலும், பதிவின்போது மைக் அமைப்பதிலும் ஊதியமின்றி உதவ நானும் என் பணியாளர்களும் அணியமாக இருக்கிறோம். எங்கள் பகுதியில் முழுநேரமாக முகவீணை வாசிப்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்பதால், வரும் மழைக்காலத்திலேயே பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.