ரயில் காரிடார் பயணத்துக்கான வாடகை சைக்கிள்கள் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை நீளும் பழைய ரயில் தடத்தில், ரயில் காரிடார் என்று இன்று எல்லாரும் அழைக்கும் அந்தப் பசுமைப் பாதையில் ஓட்டுவதற்காக எங்களிடம் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு, அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அகலமான டயர் பொருத்திய சைக்கிள்களை மட்டுமே தருவதென்று முடிவு செய்திருக்கிறோம். அந்தச் சைக்கிள் ஒவ்வொன்றிலும் மணியும், முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இருக்கும். மாலை ஏழு மணிக்குள் பாதையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வாடகையில் எந்த மாற்றமும் இல்லை. மெல்லிய டயர் கொண்ட சாலை சைக்கிள்கள், கிழக்குக் கடற்கரைக்கும் தார், சிமெண்டுத் தளமுள்ள பூங்கா இணைப்புப் பாதைகளுக்கும் வழக்கம்போல் கிடைக்கும்.

இந்த ஒரு பாதைக்கு மட்டும் ஏன் தனி விதி என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அது நியாயமான கேள்வி. அந்தப் பாதை எப்படி நம் கைக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கினால்தான் எங்கள் பதில் விளங்கும் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சிங்கப்பூரின் ரயில் பாதை 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது, தடமும் இன்று நாம் காணும் போக்கில் மாற்றி அமைக்கப்பட்டது. மலேசியாவிலிருந்து நாடு தனியாகப் பிரிந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அந்தத் தடத்தின் நிலம் மலேசியாவின் மலாயா ரயில்வேயின் வசமே இருந்தது. இரு அரசுகளும் நீண்ட காலம் பேசி 2010இல் உடன்பாடு கண்டன. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு, ஜொகூர் சுல்தானே ஓட்டிச் செல்ல, கடைசி ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்டது. மறுநாள் முதல் அந்த 24 கிலோமீட்டர் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது. ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் மட்டுமே பரப்புள்ள ஒரு தீவில், நகரத்தின் தென்முனையிலிருந்து வடமுனை வரை தொடர்ச்சியாக ஒரு நிலம் கிடைத்தது என்றால் அதன் மதிப்பு என்னவாக இருக்கும் என்பதை வீடு தேடி அலைந்த எவருக்கும் நாங்கள் சொல்லத் தேவையில்லை.

அதைத் துண்டு துண்டாக்கிக் கட்டடங்களுக்குக் கொடுத்திருக்கலாம். அப்படி ஆகிவிடக் கூடாது என்று, கடைசி ரயில் கிளம்புவதற்கு முன்பே, 2010இலேயே சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் எழுத்துமூலம் கோரிக்கை வைத்தது. தடம் முழுவதையும் அறுபடாத பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பொதுமக்கள் பலரும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டனர். நகர மறுசீரமைப்பு ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டது, வடிவமைப்புப் போட்டி நடத்தி 2015இல் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. பாதையின் ஒரு பகுதியில் பொதுப் பயனீட்டுக் கழகம் பெரிய குடிநீர்க் குழாயை நிலத்தடியில் பதித்தது. அதன் பிறகே மேற்பரப்பு சீராக்கப்பட்டு, 2021இல் ஹில்வியூவிலிருந்து புக்கிட் தீமா வரையிலான பகுதியும் அதற்குத் தெற்கே உள்ள பகுதியும் திறக்கப்பட்டன. 2022இல் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் புதுப்பிக்கப்பட்டு மக்கள் பார்வைக்கு வந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் ரயில்களில் ஒன்று ஒதுங்கி நின்று மற்றொன்றுக்கு வழிவிட்டதும், ஓட்டுநர்கள் தடத்தில் செல்லும் உரிமைக்கான சாவியைப் பெற்றுக்கொண்டதும் இந்த நிலையத்தில்தான். அருகில் உள்ள இரும்புப் பாலத்தையும், ரயில் மால் கடைத்தொகுதியின் பக்கத்தில் உள்ள மற்றொரு பாலத்தையும் இடிக்காமல் விட்டது மிகச் சரியான முடிவு என்பது எங்கள் கருத்து.

நம்மவர்களுக்கும் இந்தத் தடத்தோடு உறவு உண்டு. மலாயா ரயில்வேயில் உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே தொழிலாளர்கள் 1930களில் எழுப்பிய சிறிய முனீஸ்வரன் கோயில்தான் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. தங்கள் தாத்தா இந்தத் தடத்தில் வேலை செய்தார் என்று எங்கள் வாடிக்கையாளர்கள் சொல்லக் கேட்கும்போது எங்களுக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

இனி டயர் பற்றிச் சொல்கிறோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது பிடிமானம் குறைவு என்பதால் ரயில் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே மேட்டை வெட்டியும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவை மிக மெதுவாக ஏறி இறங்குமாறு அமைத்தார்கள். புக்கிட் தீமா குன்றின் ஓரமாகச் செல்லும்போதுகூட, பழக்கமில்லாத பெரியவர்களும் சிறுவர்களும் மூச்சு வாங்காமல் ஓட்டிச் செல்ல முடிகிறதென்றால் அதற்கு அந்தக் காலத்துப் பொறியாளர்களே காரணம். ஆனால் சரிவு எளிதாக இருப்பதால் தளமும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மழைநீர் நிலத்துக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகப் பாதையின் பெரும்பகுதியில் சிமெண்டு போடாமல், சரளையும் மண்ணும் கலந்து இறுக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் புல்லே தரை.

இருபத்தைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் காற்றை இறுக்கி அடைத்து இந்தத் தளத்தில் ஓட்டினால், உலர்ந்த நாளில் சரளையில் வழுக்கும், நனைந்த நாளில் மண்ணுக்குள் இறங்கும். ஓட்டுபவர் விழக்கூடும் என்பது ஒரு பக்கம். மெல்லிய டயர் ஈர மண்ணில் கிழித்துச் செல்லும் கோட்டில் நீர் தேங்கி, அடுத்தடுத்து வருபவர்களால் அது ஆழமாகி, கடைசியில் நடந்து வரும் ஒரு முதியவரின் கால் அதில் இடறும் என்பது மறுபக்கம். எங்களை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். முப்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் எடை பரந்து விழுகிறது, பிடிமானமும் கூடுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மழை மிகுந்த காலத்தில் கன மழை பெய்த மறுநாள், அகலமான டயர் இருந்தாலும் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுமாறு சொல்வோம். முன்பணம் செலுத்தியிருந்தால் வேறு நாளுக்கு மாற்றித் தருவோம்.

மாலை ஏழு மணி என்று வரையறுத்ததற்கும் காரணம் இருக்கிறது. காட்டை ஒட்டிச் செல்லும் நடுப்பகுதியில் தெருவிளக்கு இல்லை. உயிரினங்களின் இரவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகவே அதை இருட்டாக விட்டிருக்கிறார்கள், அதை நாங்கள் முழு மனத்தோடு வரவேற்கிறோம். உடும்பும் குரங்கும் அந்தப் பாதையைக் குறுக்கே கடப்பது வழக்கமான காட்சி. குரங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். தின்பண்டப் பைகளைக் கைப்பிடியில் தொங்கவிடவும் வேண்டாம்.

வேகத்தைப் பொறுத்தவரை, பகிர்ந்து பயன்படுத்தும் பாதைகளில் சட்டம் அனுமதிக்கும் உச்சம் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதைகளில் 10 கிலோமீட்டர். அது உச்ச வரம்பே தவிர, எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கு அன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் காரிடாரில் நடப்பவர்களே அதிகம். தள்ளுவண்டியில் குழந்தையோடும் கைத்தடியோடும் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும்போது தூரத்திலேயே ஒருமுறை மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டுக் கடந்து செல்லுங்கள். பாலங்களின்மேல் கூட்டம் இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

சொந்த சைக்கிளில் செல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2021 செப்டம்பர் முதல், பொதுப் பாதையில் ஓட்டும் ஒவ்வொரு சைக்கிளிலும் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். செகண்ட்ஹேண்டாக வாங்கிய சைக்கிள்களில் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வேலை முடிந்து ஞாயிறு மாலையில் வரும் ஊழியர் தம்பிகள் உட்பட யார் வந்தாலும், பிரேக்கையும் சங்கிலியையும் இலவசமாகப் பார்த்துத் தருவோம். மாற்ற வேண்டிய பொருளுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும். சரளைப் பாதையில் ஓட்டித் திரும்பிய பின் சங்கிலியில் ஒட்டிய மணலைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுவது அவசியம், இல்லாவிட்டால் பற்சக்கரம் விரைவில் தேய்ந்துவிடும்.

கடையிலிருந்து பாதை வரை சைக்கிளிலேயே செல்லத் தயங்குபவர்கள், மடக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால், புக்கிட் தீமா பழைய நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மடக்கிய நிலையில் 120 செண்டிமீட்டர் நீளம், 70 உயரம், 40 அகலத்துக்குள் இருந்தால் ரயிலிலும் பேருந்திலும் அனுமதி உண்டு. எங்களிடம் உள்ள மடக்கு சைக்கிள்கள் அனைத்தும் இந்த அளவுக்குள் அடங்குபவை, அகலமான டயர் பொருத்தியவை. வார இறுதிக்கு அவை விரைவில் முடிந்துவிடுவதால், வியாழக்கிழமைக்குள் தொலைபேசியிலோ நேரிலோ சொல்லி வைத்தால் உங்கள் உயரத்துக்கு ஏற்ப இருக்கையைச் சரிசெய்து தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்